ஏழாம் கட்டம்

புதையல் பதிவேட்டில் மொத்தம் பதினோரு கட்டங்கள்.
கிடைத்த இடம்: பாலாறு, வாலாஜாவுக்குத் தெற்கே,
ஒரு மணல் லாரியின் வயிறு.
கொண்டுவந்தவர்: ஏகாம்பரம், ஓட்டுநர்.
(மணலுக்கு பர்மிட் இருந்ததா என்று இங்கே கேட்கக் கூடாது.
அது வேறு கோப்பு, வேறு மேஜை.)
எண்ணிக்கை: பத்தொன்பது.
எடை: வெங்காய மண்டித் தராசில் நானே நின்று பார்த்தது,
நாற்பத்தோரு கிலோ, சாக்கு நீங்கலாக.

ஆறாம் கட்டம், விவரம்.
இதற்கு மட்டும் தனித்தாள் ஒட்ட வேண்டியிருந்தது.
உள்ளங்கை அகலக் கற்கள்.
ஒன்றில், முதுகில் வீடு சுமக்கும் மீன்.
ஒன்றில் ஆறு காலோடு ஏதோ. மாடு என்று எழுதி,
அடித்து, விலங்கு என்று எழுதினேன்.
ஒன்றில் ஒரு பெண்
இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருக்கிறாள்.
சிரிப்பா குமட்டலா, தெரியவில்லை.
தாசில்தார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"சாமியா?" என்றார்.
"அப்படித் தெரியலை சார்."
"அப்ப சிக்கல் இல்லை."

ஏழாம் கட்டம், காலம்.

சென்னையிலிருந்து வந்த ஹேமாவதி மேடம்
மீனின் முதுகுப் பச்சையைச் சுரண்டி
குப்பியில் அடைத்து எடுத்துப்போனார்.
மூன்று மாதம் கழித்துக் கடிதம்:
பச்சை, குரோமியம். தோல் ஷாப்புத் தண்ணீர்.
ஐம்பது வருடத்துக்கு உட்பட்ட கறை.
நான் கேட்டது கறையின் வயதை அல்ல.
எங்கள் கிணற்றுப் படியிலும் அந்தப் பச்சைதான்,
அந்தப் படியை வெட்டியவர்கள் ஷாப்பைப் பார்த்ததே இல்லை.
கறைக்கு முன்பும் கல் அங்கே நனைந்ததா?
கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

பேப்பரில் படம் வந்த வாரம் கூட்டம்.
சமணர் காலம் என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.
கடல் கொண்ட நாடு என்றான் இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவன்,
வாலாஜாவுக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டர் என்பதை மன்னித்து.

அப்புறம்தான் முனிரத்தினம் வந்தார்.
கல்லறைகளுக்குப் பெயர் வெட்டுகிறவர்,
அடிக்கல்லுக்கு மந்திரி பெயரும்
ஆட்சி மாறினால் அதே இடத்துக்கு அடுத்த பெயரும்.
"அதுல கொஞ்சம் என்னுது" என்றார்.

"மாடு கழுவப் போனப்ப எட்டோ ஒம்பதோ கிடைச்சுது.
பாத்துட்டு அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்.
ராத்திரி தூக்கம் பிடிக்கலை.
ஆத்துல தனியாக் கிடக்குதுங்களேன்னு
துணைக்குக் கொஞ்சம் செஞ்சு பக்கத்துல போட்டேன்."
"எந்த வருஷம்?"
"எங்க சின்னவ உக்காந்த வருஷம்."

பிரித்து வைக்கச் சொன்னார் தாசில்தார்.
முனிரத்தினம் தரையில் சம்மணமிட்டார்.
மீன், இடப்பக்கம். சட்டென்று.
ஆறு கால் விலங்கு இடம் போனது, வலம் வந்தது,
கடைசியில் மடியில் தங்கியது.
"உளி விழுந்த விதம் நம்மளுதுதான்.
செஞ்ச ஞாபகம்தான் இல்லை."
மின்விசிறி நின்று, ஜெனரேட்டர் போட்டு,
டீ ஆறி ஏடு கட்டியது.
வாய் பொத்தியவளை அவர் தொடவே இல்லை.
"இவ?" என்றேன்.
"இவ என்னுதா இருந்தா நல்லா இருக்கும்"
என்று மட்டும் சொன்னார்.

மேலிருந்து வந்த உத்தரவு ஒன்றரை வரி:
கலப்பு எனத் தெரியவருவதால்
மொத்தமும் மதிப்பற்றவை, அங்கேயே வைத்துக்கொள்க.

வைத்துக்கொண்டோம்.
பட்டா மனுக்கள் மேல் மீன்.
சாதிச் சான்றிதழ்கள் மேல் விலங்கு.
அவள் என் மேஜையில்,
கத்திரி வெயிலில் விசிறி முழு வேகத்தில் சுற்றும்போது
வாரிசுச் சான்றுகள் பறக்காமல்.

ஆறு வருடமாக, யோசிக்கும்போதெல்லாம்
என் கட்டைவிரல் அவள் இடது கை மேல் போய் நிற்கிறது.
அங்கே இப்போது ஒரு வழவழப்பு,
நெல்லிக்கொட்டை அளவுப் பள்ளம்.
அடுத்து வரும் மேடம் அதைப் பார்த்து
நீண்டகால வழிபாட்டுத் தேய்மானம் என்று எழுதலாம்.
நான் மறுக்கப்போவதில்லை.

ஏழாம் கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.
ஆடிட் வருகிறது, வியாழக்கிழமை.